யெல்லோநைஃப் பயணக் குறிப்புகள்: ஊசி, மணி, உடம்பு

செவ்வாய், இரவு

மணி பதினொன்று ஆகப்போகிறது, வெளியே இன்னும் வெயில். தோழி வீட்டில் எல்லா அறைகளிலும் கறுப்புத் திரை தொங்குகிறது. "அதை இழுத்து விட்டுட்டுப் படுடி, இல்லைன்னா விடிய விடிய முழிச்சிட்டுக் கிடப்ப" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள். நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டொரண்டோவில் ஏறி, எட்மண்டனில் விமானம் மாறி வந்தேன். கடைசிப் பகுதி முழுக்கக் கீழே பாறையும் தண்ணீரும்தான். ஏரி முடிந்தால் பாறை, பாறை முடிந்தால் இன்னோர் ஏரி. ஒரு சாலையைக்கூடப் பார்க்க முடியவில்லை. விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையின் நடுவே பாடம் செய்த பனிக்கரடி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகள் பெட்டியை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதி. பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல் பத்து மடங்கு. மொத்த மக்கள் சுமார் 45,000 பேர், அதில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்த யெல்லோநைஃப் ஊரிலேயே இருக்கிறார்கள். மீதிப்பேர் முப்பத்துச் சொச்சம் சிற்றூர்களில். டெனே, மேட்டி, இனுவியலுயிட் என்று பூர்வகுடி மக்கள் சரிபாதி. ஆட்சிமொழிகள் 11.

வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். டொரண்டோவில் இளைஞர்களுக்கான ஒரு பாலியல் நல மையத்தில் நான் செவிலியராக இருக்கிறேன். எங்களிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏதோ ஒன்று நடந்து முடிந்த பிறகுதான் வருகிறார்கள். நடப்பதற்கு முன்னால் அவர்களிடம் போய்ப் பேச வேண்டும், பேசினாலும் அவர்கள் காதில் விழ வேண்டும். அதற்கு வழி தேடியபோதுதான் ஃபாக்ஸி என்ற திட்டத்தைப் பற்றிப் படித்தேன். ஃபோர்ட் ஸ்மித் ஊரில் பிறந்த மேட்டி இனப் பெண் கேண்டிஸ் லிஸும் நான்சி மேக்நீலும் சேர்ந்து 2012-இல் தொடங்கியது. வடக்கில் வளரும் பதின்ம வயதுப் பெண்களுக்கு ஓவியம், நாடகம், புகைப்படம், மணி கோக்கும் வேலை வழியாகப் பாலியல் நலம், உறவு, சம்மதம் பற்றிச் சொல்லித்தருகிறார்கள். 2014-இல் ஆர்க்டிக் இன்ஸ்பிரேஷன் விருது கிடைத்தது, 10 லட்சம் டாலர். அதன் பிறகு ஆண் பிள்ளைகளுக்காக ஸ்மாஷ் என்று ஒன்றையும் ஆரம்பித்தார்கள்.

சரி, திரையை இழுத்துவிடுகிறேன்.

புதன்

காலையில் அருங்காட்சியகம், மதியம் நகருக்குள் நடை. பார்த்ததில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

இந்த ஊரின் நாடக அரங்கம், வடக்குக் கலை பண்பாட்டு மையம், ஒரு மேல்நிலைப் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. சர் ஜான் ஃபிராங்க்ளின் பள்ளி. 1958 முதல் 1994 வரை அந்தப் பள்ளிக்கு ஒரு விடுதி இருந்தது, அகைச்சோ ஹால் என்று பெயர். தொலைதூர ஊர்களிலிருந்து பூர்வகுடிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து தங்கவைத்த, அரசும் தேவாலயங்களும் நடத்திய உறைவிடப் பள்ளி முறையின் ஒரு கண்ணி அது. இனுவிக் ஊரில் கிராலியர் ஹால் என்ற விடுதி 1990-களின் நடுப்பகுதிவரை நடந்தது. அங்கே பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமை செய்த கண்காணிப்பாளர்கள் பின்னாளில் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள்.

1990-கள் என்றால் நேற்று நடந்தது போலத்தான். இன்று பள்ளிக்குப் போகும் ஒரு பெண்ணின் அம்மாவோ அப்பாவோ அங்கே படித்திருக்கலாம். பாட்டி, தாத்தா என்றால் சொல்லவே வேண்டாம். தலைமுடியை வெட்டினார்கள், உடுப்பைப் பறித்தார்கள், எண் கொடுத்தார்கள், தாய்மொழி பேசினால் அடித்தார்கள், உடம்பு என்றாலே பாவம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில் சிலரே இரவில் அந்த உடம்புகளைத் தேடி வந்தார்கள். அங்கே வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் எந்த வார்த்தையைக் கொண்டு இதையெல்லாம் பேசுவார்கள்?

2012-இல் இந்த ஆட்சிப்பகுதியும் பக்கத்து நுனாவுட்டும் உறைவிடப் பள்ளி வரலாற்றை மேல்நிலைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கின. ஃபாக்ஸி தொடங்கியதும் அதே ஆண்டில். இரண்டையும் ஒருவர் திட்டமிட்டுச் சேர்த்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று தேவைப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வியாழன்

இன்றைய பதிவு நீளும்.

பழைய நகரில், ஏரிக்கரையில் ஒரு காபிக் கடை. தோழி மூலமாகப் பழக்கமான ஒரு பெண் அங்கே வரச் சொல்லியிருந்தார். பதினான்கு வயதில் தன் ஊர்ப் பள்ளியில் ஃபாக்ஸி பட்டறையில் உட்கார்ந்தவர். பிறகு சக வழிகாட்டிகளுக்கான முகாமுக்குப் போனார். காட்டுக்குள், ஏரிக்கரை விடுதியில் பல நாள் தங்கிக் கற்றுக்கொண்டு, தன் ஊருக்குத் திரும்பித் தன் வயதுப் பிள்ளைகளிடம் பேசுவதற்கான பயிற்சி அது. இப்போது வேறு வேலையில் இருக்கிறார். பெயரோ ஊரோ எழுத வேண்டாம் என்றார். அறுநூறு பேர் இருக்கும் ஊர் என்று மட்டும் சொல்கிறேன்.

"அறுநூறு பேர் ஊர்னா எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். ஊரில் கடை ஒன்றுதான். ஆணுறை வாங்கப் போனால் கல்லாவில் பெரியம்மா மகள் உட்கார்ந்திருப்பாள். சுகாதார நிலையத்தில் பதிவேட்டை எடுத்துக்கொடுப்பது மாமாவின் மனைவி. செவிலியர் வெளியூர்க்காரர், சில வாரத்தில் மாறிப்போய்விடுவார், முகம் பழகுவதற்குள் வேறு ஆள். பரிசோதனைக்குப் போனது தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தன்னைக் கஷ்டப்படுத்தியவன் அதே ஊரில், அதே பள்ளிப் பேருந்தில், சில சமயம் அதே வீட்டில் இருப்பான்.

எங்கள் மையத்தில் நாங்கள் முதலில் சொல்லும் வாக்கியம், "இங்கே பேசுவது வெளியே போகாது." டொரண்டோவில் அதற்கு மதிப்பு உண்டு. எல்லாரும் சொந்தக்காரர்களாக இருக்கிற ஊரில் அந்த வாக்கியத்தை ஒரு பதினான்கு வயதுப் பெண் ஏன் நம்ப வேண்டும்? அப்படியானால், தன்னைப் பற்றி என்று சொல்லாமலே தன்னைப் பற்றிப் பேச அவளுக்கு ஒரு வழி வேண்டும். கலை இங்கே அந்த வேலையைத்தான் செய்கிறது. பாடத்தின் கசப்புத் தெரியாமலிருக்கப் பாட்டும் படமும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகவே அழுத்திச் சொல்கிறேன்.

நாடகத்தில் அது எப்படி நடக்கிறது என்று விளக்கினார். விருந்து ஒன்று. ஒருத்தி குடித்திருக்கிறாள், ஒருவன் அவளைத் தனி அறைக்குக் கூட்டிப்போகிறான். பிள்ளைகள் அதை நடிக்கிறார்கள். பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம், எழுந்துபோய் யாராவது ஒருவரின் இடத்தில் நின்று வேறு மாதிரி நடித்துக் காட்டலாம். எப்போதும் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்துவந்து, குடித்த பெண்ணின் இடத்தையும் எடுக்கவில்லை, அந்தப் பையனின் இடத்தையும் எடுக்கவில்லை. கதவருகே நின்ற தோழியின் இடத்தில் போய் நின்றாளாம். "நான் உன்னோட வீட்டுக்கு வரேன், குளிர்கோட்டைப் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாளாம். அதற்கு மேல் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது விதி.

ஒரு பட்டறையை ஓரமாக உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். தயங்காமல் முடியாது என்றார். பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இடம் கிடையாது. வெளியூரிலிருந்து குறிப்பேடும் கையுமாக வந்து, பார்த்து, எழுதிக்கொண்டு போனவர்களை இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவிட்டார்கள். அவர் சொன்னது முழுக்க நியாயம்.

"ஆனா உங்களுக்கு நான் செஞ்சு காட்டலாம். பெரிய தாள் இருக்கா?"

சாயங்காலம் தோழி வீட்டுக் கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டுத் தாளை விரித்தோம். உடல் வரைபடம் என்கிற இந்த முறை தென்னாப்பிரிக்காவில், எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் தங்கள் கதையைச் சொல்வதற்காக 2000-களின் தொடக்கத்தில் வளர்ந்தது. இங்கே அதைப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

தாள்மேல் மல்லாந்து படுத்தேன். எப்படிப் படுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, "உங்களுக்கு எப்படி வசதியோ" என்றார். மார்க்கரைத் தொடங்குவதற்கு முன் கேட்டார், "கோடு போட உங்களைச் சுத்தி வரலாமா? தொட மாட்டேன். எந்த இடத்துக்கு வர வேண்டாமோ அதைச் சொல்லுங்க, அங்கே நீங்களே போட்டுக்கலாம்." சம்மதம் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. வரையறை இல்லை, பலகை இல்லை. உன் உடம்பைச் சுற்றி ஒரு கோடு போடுவதற்குக்கூட உன்னைக் கேட்டாக வேண்டும் என்பதைப் பதின்மூன்று வயதுப் பெண் தன் தோலில் உணர்ந்துகொள்கிறாள். மார்க்கர் மணிக்கட்டைக் கடந்து விரலிடுக்குகளில் கீச்சென்று ஏறி இறங்கியபோது, என் கை விரல்களை இப்படி ஒருவர் நிதானமாகச் சுற்றி வந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து பார்த்தால் தாளில் ஒரு காலி உருவம். அப்புறம் கேள்விகள். பயம் வந்தால் உடம்பில் எங்கே தெரிகிறது? வேண்டாம் என்று சொல்ல நினைக்கும்போது முதலில் எந்த இடம் இறுகுகிறது? உன் கைகள் எதையெல்லாம் செய்திருக்கின்றன? உன் பின்னால் நிற்பவர்கள் யார் யார், அவர்களை உருவத்துக்கு வெளியே எங்கே வைப்பாய்? ஐந்து வருடம் கழித்து இந்தக் கால்கள் எங்கே நிற்கும்? வாயால் பதில் சொல்ல வேண்டாம், நிறத்தால் போடலாம், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டலாம், மணியும் கோக்கலாம். நோய், கருத்தடை, பரிசோதனை எல்லாம் இந்த வேலையின் நடுவிலேயே வரும். யாரோ கேட்பார்கள், வழிநடத்துபவர் வண்ணம் தீட்டிக்கொண்டே பதில் சொல்வார். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லாததால் கேள்வி தானாக வருகிறது.

வயிற்றுக்கு மேலே ஒரு பட்டையை நான் சாம்பல் நிறத்தில் தீட்டினேன். அவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளி

மழை. தோழிக்கு இரவுப் பணி முடிந்து விடுமுறை. நாள் முழுக்கச் சமையலறையிலேயே பேசிக்கொண்டிருந்தோம்.

2019 ஆகஸ்டில் இங்கே சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பரவுகிறது என்று தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி அறிவித்தார். சிபிலிஸ் மருந்தே இல்லாத நோயல்ல. ஆரம்பத்தில் வலிக்காத ஒரு புண், அது தானே ஆறிவிடும், அதனால் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால் கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்குப் போய்ச் சேரும். கிளமிடியா, கொனோரியா என்ற மற்றப் பால்வினை நோய்களின் விகிதங்களும் நாட்டின் சராசரியைவிட இங்கே பல மடங்கு.

"மருந்து எங்ககிட்ட இருக்கு. ஆள் வந்து சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டணுமே" என்றாள் தோழி. பெரும்பாலான சிற்றூர்களில் பிரசவம்கூடப் பார்ப்பதில்லை. தேதி நெருங்கும்போது கர்ப்பிணியை விமானத்தில் ஏற்றி இங்கே அனுப்பிவிடுகிறார்கள். பல ஊர்களுக்கு விமானம், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் பனிச்சாலை. எல்லாவற்றையும் ஓவியத்தில் சரிசெய்துவிட முடியாது. வீட்டு வசதி, நிலையான செவிலியர், பாதுகாப்பான புகலிடம் எல்லாம் வேண்டும். அதைச் செய்ய வேண்டிய அரசுகள், "பிள்ளைகளுக்குப் பட்டறை நடத்துகிறோமே" என்று தப்பித்துக்கொள்ளக் கூடாது.

நேற்றுப் பார்த்த பெண்ணின் தம்பி ஸ்மாஷ் முகாமுக்குப் போனவன். அவனைப் பற்றி அவர் சொன்னதை எழுத மறந்துவிட்டேன். பையன்கள் வட்டமாக உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டார்களாம். ஏரியில் வலையை எடுத்து, மீனைக் கழுவி வகிர்ந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருப்பவனிடம் தலை நிமிராமல் கேட்பார்களாம். "அவ ஒண்ணும் சொல்லலைன்னா அது சரின்னு அர்த்தமா?" அதற்கு ஒரு பெரியவர் கத்தியை நிறுத்தாமல், "இல்லை" என்றாராம். கனடாவில் சம்மத வயது 16. 14, 15 வயதுக்காரர்களுக்கு ஐந்து வயதுக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் எதிரே இருப்பவர் ஆசிரியராகவோ பயிற்சியாளராகவோ இருந்தால் அந்த விலக்கு கிடையாது. பையன்கள் இதைக் கேட்டுத் திகைத்துப்போவார்களாம். சட்டம் தங்களையும் காப்பாற்றும் என்று அவர்களிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

சனி, ஜூன் 21

இன்று பூர்வகுடி மக்கள் தினம். இதை முதலில் பொது விடுமுறை ஆக்கியது இந்த ஆட்சிப்பகுதிதான், 2001-இல். நகரின் நடுவில் உள்ள பூங்காவில் ஊருக்கே மீன் வறுத்துக் கொடுத்தார்கள். டெனே பறையடிப்பு, சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் வட்டமாக ஆடுகிறார்கள். நின்று பார்க்க விடவில்லை, இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு கூடாரத்தில் மூதாட்டி ஒருவர் மான் தோலில் மணி கோத்துக்கொண்டிருந்தார். பெச்சோக்கோ ஊர்க்காரர், தில்லிச்சோ மொழியில்தான் பேசினார். பேத்தி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊசியில் நான்கு மணியை ஏற்றி, தோலில் படுக்க வைத்து, இன்னோர் ஊசியால் இரண்டிரண்டாகத் தைத்துப் பிடிக்கிறார். கண் அவ்வளவு தெரியாது, விரல் நுனியால் எண்ணுகிறார்.

நான் செவிலியர், பெண் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன் என்று பேத்தி சொன்னதும் அவர் ஊசியை நிறுத்தினார். தன் அம்மா காலத்துக் கதையைச் சொன்னார். பெண் வயதுக்கு வந்ததும் முகாமுக்குச் சற்றுத் தள்ளித் தனிக் குடில் போட்டுத் தங்கவைப்பார்கள். மூத்த பெண்கள் முறைவைத்து வருவார்கள். காலையிலிருந்து இரவுவரை தையல். தைத்துக்கொண்டே எல்லாம் சொல்லித்தருவார்கள். உதிரம், கர்ப்பம், பிரசவம், ஆண்களிடம் எப்படி இருப்பது, எவனை அருகில் விடக் கூடாது. "கை வேலையா இருக்கும்போது காது திறந்திருக்கும்" என்றார்.

எங்கள் பாட்டி வீட்டிலும் குச்சு கட்டித் தள்ளிவைத்தார்கள். தீட்டு என்ற ஒன்றைத் தவிர எதையும் சொல்லித்தரவில்லை. அதை அவரிடம் சொன்னேன். பேத்தி மொழிபெயர்த்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் அந்தக் குடிலுக்குப் போகவேயில்லை. ஆறு வயதில் விமானத்தில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உதிரம் வந்த அன்று கன்னியாஸ்திரி ஒருவர் ஒரு துணியைக் கொடுத்து, யாரிடமும் சொல்லாதே என்றார். தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், கால்சராய்க்கு ஒட்டுப்போட. அந்த நேரத்தில் பேசக் கூடாது.

நான் ஊரிலிருந்து கொண்டுவந்த கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. கலைவழிக் கல்வி என்று நாங்கள் மாநாடுகளில் புதிய முறையாகப் பேசிக்கொண்டிருப்பது, இந்த மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஊசியும் பேச்சும் ஒரே பாடமாக இருந்தன. பள்ளி வந்து ஊசியை வைத்துக்கொண்டு பேச்சை அறுத்துவிட்டது. ஃபாக்ஸி மாதிரியான திட்டங்கள் இரண்டையும் மறுபடி ஒரே மேசையில் வைக்கின்றன. அதனால்தான் கொண்டுபோன இடங்களில் பாட்டிகள் எதிர்க்கவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள் என்று நேற்று முன்தினம் அந்தப் பெண் சொன்னார். அப்போது எனக்கு முழுசாகப் புரியவில்லை.

பேத்திக்குப் பதினைந்து வயதிருக்கும். பாட்டி சொன்ன எதையும் இதற்கு முன் கேட்டதில்லையாம். மொழிபெயர்க்கும்போது நடுவில் நிறுத்தி, தனக்காகவும் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டாள். அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிறு

இன்று ஊர் திரும்புகிறேன். காலையில் ஏரிக்கு அக்கரையிலிருக்கும் டெத்தா என்ற சிற்றூர் வரை காரில் போய்வந்தோம். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேலேயே ஆறரை கிலோமீட்டரில் போய்விடலாமாம், இப்போது தரைவழியாகச் சுற்றிக்கொண்டு 27 கிலோமீட்டர். வழியெல்லாம் கொசு.

இதனால் பயன் உண்டா, எண்ணிக்கை குறைந்ததா என்று மையத்தில் கேட்பார்கள். 2018-இல் கேண்டிஸ் லிஸும் டொரண்டோ ஆய்வாளர்களும் உடல் வரைபடம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். இந்த ஆட்சிப்பகுதி ஊர்களில் பட்டறைக்கு வந்த 13 முதல் 17 வயதுப் பெண்களை நேர்கண்டு எழுதியது. தன் பலம் என்ன, தனக்கு யார் துணை என்று பார்க்கவும், தெரிந்துகொள்ளவும், பாதுகாப்பான முடிவெடுக்கவும் அது உதவியதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். நோய் விகிதத்தை ஒரு பட்டறையின் கணக்கில் எழுத முடியாது, நானும் எழுத மாட்டேன். ஆனால் ஒரு பெண் கதவருகே நின்று "குளிர்கோட்டைப் போடு" என்று சொல்லக் கற்றுக்கொள்வதை அளக்க எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை முதலில் சேர்க்கச் சொல்லப்போகிறேன்.

விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது வியாழக்கிழமை சந்தித்த பெண்ணிடமிருந்து நீண்ட செய்தி வந்தது. எங்கள் மையத்தில் இதைச் செய்து பார்க்க என்ன என்ன வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன், வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

முதலில் சாப்பாடு, வயிறு காய்ந்த பிள்ளை பேசாது. தாள் சுருள் கெட்டியாக, ஓர் ஆள் கை விரித்துப் படுக்கிற அகலத்தில் இருக்கட்டும். மனநல ஆலோசகர் பக்கத்து அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்க வேண்டும், கூப்பிட்டு அனுப்புகிற தூரத்தில் இருக்கக் கூடாது. பிள்ளைகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக, அதே தெருவில் வளர்ந்த ஒருத்தியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலையை அவள் பார்த்துக்கொள்வாள். வரைந்த தாள் பிள்ளையுடையது, வீட்டுக்குக் கொண்டுபோவதா, உங்களிடம் வைப்பதா, எரிப்பதா என்று அவளைக் கேளுங்கள், கேட்காமல் சுவரில் மாட்டாதீர்கள். பழுப்பு மார்க்கர் தனியாக நிறைய வாங்குங்கள், பெட்டியில் ஒன்றுதான் வரும், உங்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் அது போதாது.